செட்டிநாட்டிலிருந்து ஒரு பழைய புராட்டஸ்டண்ட் ஆலயம் பார்க்கப் போகிறவர்களுக்கு: முழுமையான வழிகாட்டி

காரைக்குடியில் தங்கி கானாடுகாத்தான் அரண்மனை, ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி, குன்றக்குடி எல்லாம் பார்த்து முடித்தவர்கள் அடுத்த நாள் எங்கே போகலாம் என்று கேட்டால், திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போய் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய ஒரு புராட்டஸ்டண்ட் ஆலயத்தைப் பாருங்கள் என்பேன். ஊர்க்காரர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். வேளாங்கண்ணிக்கு ஒரு தடவையாவது போய்வந்த குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. அதே ஆட்கள் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் கட்டிய கோயில் வாசலைப் பல தடவை கடந்து போயிருப்பார்கள், உள்ளே போயிருக்க மாட்டார்கள். கதவு பூட்டியிருக்கும், யாரைக் கேட்பது என்று தெரியாது, "நாம் உள்ளே போகலாமா" என்று ஒரு தயக்கம் வேறு. போகலாம். எப்படிப் போவது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், எந்தக் கோயில்?

செட்டிநாட்டைச் சுற்றிப் புகழ்பெற்ற ஆலயங்கள் என்று விசாரித்தால் இடைக்காட்டூர் திரு இருதய ஆலயம், ஓரியூர் அருளானந்தர் ஆலயம் என்று சொல்வார்கள். இரண்டும் அவசியம் பார்க்க வேண்டியவை, ஆனால் இரண்டும் கத்தோலிக்க ஆலயங்கள். சுரூபம், மெழுகுவத்தி, மாலை, தேர் எல்லாம் அங்கே உண்டு. புராட்டஸ்டண்ட் ஆலயத்தில் அவை இருக்காது. வெறும் சிலுவை, அப்பமும் திராட்சை ரசமும் வைக்கும் திருவிருந்து மேஜை, உயரமான பிரசங்க பீடம், பெஞ்சுகள், சுவரில் ஒரு வேத வசனம், அவ்வளவுதான். முதல் பார்வையில் "என்ன, காலியாக இருக்கிறதே" என்று தோன்றும். பார்க்க வேண்டியவை சுவரிலும் தரையிலும் இருக்கின்றன. அதைப் பிறகு சொல்கிறேன்.

நம்ம சிவகங்கை மாவட்டத்திலேயே சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயங்கள் இருக்கின்றனவே என்றால், இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் வேர் அமெரிக்கன் மதுரை மிஷன். யாழ்ப்பாணத்தில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் 1834ல் மதுரையில் தொடங்கிய வேலை அது. சிவகங்கை, மானாமதுரை எல்லாம் அவர்களுடைய நிலையங்களாக இருந்தவை. ஆடம்பரம் வேண்டாம் என்கிற மரபு அவர்களுடையது. கட்டடமும் அப்படித்தான் இருக்கும். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் ஆலயங்களோடு இவையும் ஒரே சபைக்குள் வந்தன. அதனால் போர்டில் ஒரே சி.எஸ்.ஐ. என்று இருந்தாலும், ஒவ்வொரு கோயிலும் வேறு வேறு வீட்டுப் பிள்ளை.

பழமைக்காகப் போகிறீர்கள் என்றால் மூன்று ஊர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

திருச்சி. கோட்டைப் பகுதியில் தெப்பக்குளத்துக்கு அருகே சுவார்ட்ஸ் 1766ல் கட்டிய கிறிஸ்து நாதர் ஆலயம். ஜங்ஷன் பக்கம், தலைமைத் தபால் நிலையத்துக்கு அருகில் 1816ஆம் ஆண்டின் தூய யோவான் ஆலயம்.

தஞ்சாவூர். சிவகங்கைப் பூங்காவில் 1779ஆம் ஆண்டின் சுவார்ட்ஸ் ஆலயம். பெரிய கோயிலுக்குப் பக்கத்திலேயே. (காரைக்குடியில் நின்றுகொண்டு "சிவகங்கைப் பூங்கா" என்று சொன்னால் டிரைவர் தெற்கே வண்டியைத் திருப்பிவிடுவார். தஞ்சாவூர் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.)

தரங்கம்பாடி. 1701ஆம் ஆண்டின் சீயோன் ஆலயம், 1718ஆம் ஆண்டின் புதிய எருசலேம் ஆலயம். ஊரே பார்க்க வேண்டிய ஊர்.

முதல் தடவை போகிறவர்களுக்கு என் வாக்கு தஞ்சாவூருக்கு. ஏன் என்று அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

நாளும் நேரமும்

ஞாயிறு காலை ஆராதனை நேரம். சுற்றிப் பார்க்க அது நேரமில்லை. ஆராதனையில் உட்காரத் தயார் என்றால் அதைவிட நல்ல நேரமும் இல்லை. இரண்டையும் கலக்காதீர்கள். ஆராதனை நடக்கும்போது பக்கவாட்டில் கேமராவோடு நடப்பவரை யாரும் திட்ட மாட்டார்கள், ஆனால் அத்தனை பேரும் பார்ப்பார்கள்.

வேலை நாளில் காலை 10 மணிக்கு மேல், மதியச் சாப்பாட்டுக்கு முன் போவது உத்தமம். வாட்ச்மேன் இருப்பார், பக்கத்து ஆபீஸ் திறந்திருக்கும். இரண்டு மணிக்குப் போனால் ஆள் சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருப்பார். எழுப்பினால் திறப்பார், ஆனால் பேச மாட்டார். அவர் பேசுவதற்குத்தானே போகிறோம்.

கல்யாணங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஈஸ்டர் முடிந்து மே மாதம் வந்தால் வரிசையாகக் கல்யாணம் நடக்கும். ஆலயம் முழுக்க பூவும் துணியும், எந்தக் கல்வெட்டும் கண்ணில் படாது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் லெந்து காலத்தில் பொதுவாகக் கல்யாணம் வைக்க மாட்டார்கள். பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் ஆலயங்கள் அமைதியாக இருப்பதற்கு அதுதான் காரணம். வெயிலும் அப்போது பரவாயில்லை. பெரிய வெள்ளி, ஈஸ்டர், கிறிஸ்துமஸ் வாரம் ஆகியவற்றைத் தவிர்க்கவும்.

போகும் வழி

திருச்சிக்குக் காரைக்குடி ஜங்ஷனிலிருந்து புதுக்கோட்டை வழியாக ரயில் இருக்கிறது. தூரம் சுமார் 90 கிலோமீட்டர். ஒரே நாளில் இரண்டு ஆலயங்களையும் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்பலாம். தஞ்சாவூருக்குப் புதுக்கோட்டை, கந்தர்வகோட்டை வழி. சுமார் 100 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் புதுக்கோட்டையில் மாற வேண்டியிருக்கலாம். தரங்கம்பாடிக்குப் பட்டுக்கோட்டை, நாகப்பட்டினம், காரைக்கால் வழியாகக் காரில் போவது சுலபம். எப்படிப் போனாலும் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போன அன்றே திரும்ப வேண்டும் என்று அடம் பிடிக்காமல் ஒரு ராத்திரி தங்குங்கள்.

திருச்சியில் ஒரு எச்சரிக்கை. தெப்பக்குளம் பக்கம் இறங்கி "சர்ச்" என்று கேட்டால் நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் வானுயர்ந்த கோபுரத்தோடு நிற்கும் லூர்து மாதா ஆலயத்தைத்தான் காட்டுவார்கள். அது கத்தோலிக்க ஆலயம். நமக்கு வேண்டிய கிறிஸ்து நாதர் ஆலயம் தாழ்ந்த, எளிய கட்டடம். "சி.எஸ்.ஐ. கோயில், சுவார்ட்ஸ் கட்டினது" என்று கேட்க வேண்டும். இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் ஆலயத்தைக் கோயில் என்றே சொல்வார்கள், பாதிரியாரை ஐயர் என்பார்கள். "சுவார்ட்ஸ் ஐயர் கோயில்" என்று யாராவது சொன்னால் குழம்ப வேண்டாம், சரியான இடத்துக்குத்தான் வழி சொல்கிறார்.

சாவி

எல்லாவற்றையும்விட முக்கியமான படி இதுதான். பழைய ஆலயம் பார்ப்பதில் பாதி வேலை சாவி வைத்திருப்பவரைப் பிடிப்பது.

கதவு பூட்டியிருந்தால் திரும்பிப் போய்விடாதீர்கள். வளாகத்துக்குள் பெரும்பாலும் போதகர் குடியிருக்கும் ஆயர் இல்லம் ஒன்று இருக்கும். அல்லது சபை அலுவலகம், பள்ளிக்கூடம். சாவி இவற்றில் ஒன்றில் இருக்கும், இல்லையென்றால் கோயில்பிள்ளையிடம் இருக்கும். கோயில்பிள்ளை என்பவர் மணி அடித்து, பெஞ்சு துடைத்து, கதவு திறந்து மூடுகிறவர். பல இடங்களில் இப்போது அந்த வேலையையும் வாட்ச்மேனே பார்க்கிறார். கட்டடத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது புத்தகத்தில் இருக்காது: எந்த ஜன்னல் ஒட்டிக்கொள்ளும், எந்தக் கல்லறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்து அழுதுவிட்டுப் போனார்கள், மழை வந்தால் எங்கே ஒழுகும்.

போதகரைப் பார்த்தால் "ஐயா" என்று கூப்பிட்டால் போதும். பெண் போதகராக இருந்தால் "அம்மா". "ஃபாதர்" என்று கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்கள், ஆனால் அது கத்தோலிக்க வழக்கம். என்ன சொல்லிக் கேட்பது? "ஐயா, காரைக்குடியிலிருந்து வந்திருக்கிறோம், பழைய கோயில் என்று கேள்விப்பட்டோம், உள்ளே பார்க்கலாமா?" என்பதே போதுமானது. எந்த மதம் என்று யாரும் கேட்கப் போவதில்லை. நெற்றியில் திருநீறு இருந்தால் அழிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

பத்துப் பேருக்கு மேல் போகிறீர்கள் என்றால் முதல் நாளே அலுவலகத்துக்குப் போன் செய்து சொல்லிவிடுவது மரியாதை. வேன் நிறைய ஆட்கள் திடீரென்று இறங்கினால், அன்றைக்கு ஒரு அடக்க ஆராதனை இருந்தால், இருதரப்புக்கும் சங்கடம்.

உள்ளே போனபின்

செருப்பு: வாசலைப் பாருங்கள். வெளியே செருப்புகள் கிடந்தால் நீங்களும் கழற்றுங்கள். கிடக்காவிட்டாலும் கழற்றினால் தப்பில்லை. உடை: கோயிலுக்குப் போகிற உடை எதுவும் சரி. வேட்டி இருந்தால் இன்னும் நல்லது, அந்தத் தரையில் உட்கார்ந்து கல்வெட்டு படிக்க வசதி. பெண்கள் தலையில் முக்காடு போடுவதைப் பார்ப்பீர்கள். விருந்தினர்கள் போட வேண்டும் என்று கட்டாயமில்லை.

வீட்டில் பெரியவர்களைக் கூட்டிப் போகும்போது ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு தடவை எங்களோடு வந்த ஆச்சி வாசலிலேயே வாட்ச்மேனைப் பிடித்து, "ஏப்பா, தேங்காய் எங்கே உடைக்கிறது, சூடம் உண்டா?" என்று கேட்டார். "அதெல்லாம் கிடையாதும்மா. வந்து ஃபேன் கீழே உட்காருங்க, மனசுல உள்ளதைச் சொல்லுங்க" என்றார் அவர். ஆச்சிக்கு அந்த ஏற்பாடு பிடித்துப்போய்விட்டது, கிளம்பும் நேரத்தில் எழுப்பத்தான் வேண்டியிருந்தது.

முன்புறம் மேஜையைச் சுற்றி ஒரு கைப்பிடி அழி இருக்கும். மரமோ பித்தளையோ. அதுதான் எல்லை. அதற்குள் போக வேண்டும் என்றால் கேளுங்கள். பிரசங்க பீடத்தில் ஏறிப் படம் எடுப்பது, பெரிய வேதாகமத்தைப் புரட்டுவது, ஆர்கன் கட்டையை அழுத்திப் பார்ப்பது மூன்றும் வேண்டாம். படம் எடுக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். யாராவது ஜெபம் செய்துகொண்டிருந்தால் அவர் எழுந்து போகும்வரை கேமராவை இறக்கிவையுங்கள்.

திசை கவனியுங்கள். நம் கோயில்களில் சுவாமி பெரும்பாலும் கிழக்கு பார்த்திருப்பார், கும்பிடுகிறவர் மேற்கு பார்த்து நிற்பார். ஆங்கிலிக்கன் மரபில் மேஜை கிழக்குக் கோடியில் இருக்கும். சபை முழுக்கக் கிழக்கு பார்த்து உட்காரும். காலை வெளிச்சம் நேராக முகத்தில் விழும். படம் எடுக்கிறவர்களுக்கு இது தொல்லை, ஆகவே வாசலிலிருந்து உள்ளே எடுக்கும் படத்தை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டிநாட்டுக் கண்ணோடு கட்டடத்தைப் பாருங்கள்

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டாம். கடுக்காய்த் தண்ணீரும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்து, மேல்பூச்சைத் தேய்த்துத் தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கிய தூண்களைச் சின்ன வயதிலிருந்து தொட்டுப் பார்த்தவர்கள் நாம். சோழமண்டலக் கடற்கரையில் ஐரோப்பியர் கட்டிய பழைய கட்டடங்களும் செங்கலும் சுண்ணாம்பும்தான். கட்டிய கொத்தனார்கள் இந்த மண்ணின் ஆட்கள். அதனால் தூணருகே போங்கள், கை வையுங்கள். வழவழவென்று குளிர்ந்திருந்தால் பழைய பூச்சு. நகம் பட்டால் செதிலாக உரிகிறது என்றால் மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும்; பெயின்ட் அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே ஏறிய ஈரம் வெளியேற முடியாமல் கொப்புளமாகத் தள்ளும். நம் ஊர் வீடுகளிலும் இதே கூத்துதான் நடக்கிறது.

மேலே பாருங்கள். சில பழைய ஆலயங்களின் விட்டத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள் இருக்கும். ஃபேன் மாட்ட அவை போட்டதல்ல. மின்சாரம் வருவதற்கு முன் துணிப் பங்கா தொங்கிய கொக்கிகள். வெளியே ஒருவர் உட்கார்ந்து கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பார். கயிறு போன ஓட்டை சுவரில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

திருச்சி தூய யோவான் ஆலயத்தின் கதவுகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். சாய்வான மரப்பட்டைகள் அடுக்கிய கதவுகள். எல்லாவற்றையும் திறந்துவிட்டால் சுவரே இல்லாத மண்டபம் போல ஆகிவிடும். சித்திரை வெயிலில் நீளமான பிரசங்கம் கேட்டவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று யோசித்துப் பாருங்கள்.

கல்வெட்டு படிப்பது

இனி தரையையும் சுவரையும் பாருங்கள். பழைய ஆலயத்தில் உள்ளேயே அடக்கம் செய்திருப்பார்கள். நடைபாதையில் பதித்த பலகைக்கல் ஒவ்வொன்றும் ஒரு கல்லறையாக இருக்கலாம். அதை மிதிக்காமல் ஓரமாக நடங்கள்.

எழுத்து தேய்ந்திருந்தால் மாவு தூவுவது, எண்ணெய் தடவுவது, சாக்பீஸ் தேய்ப்பது, மைப்படி எடுக்கப் பார்ப்பது எதுவும் கூடாது. மொபைல் டார்ச்சைக் கல்லுக்கு நேரே பிடிக்காமல், தரையோடு தரையாகப் பக்கவாட்டில் பிடியுங்கள். குழியில் நிழல் விழும், எழுத்து எழும்பி வரும். ஒருவர் டார்ச் பிடிக்க, இன்னொருவர் மேலிருந்து படம் எடுத்தால் வீட்டுக்குப் போய்ப் பெரிதாக்கிப் படிக்கலாம்.

மொழி பல விதம். ஆங்கிலம், லத்தீன், தமிழ், தரங்கம்பாடி போனால் டேனிஷும் ஜெர்மனும். லத்தீன் தெரியாவிட்டாலும் மூன்று சொல் போதும். "ஹிக் யாசெட்" என்று தொடங்கினால் இங்கே அடக்கமாகியிருக்கிறார் என்று பொருள். "ஆன்னோ" என்றால் அந்த ஆண்டில். "எட்டாட்டிஸ்" என்றால் வயது. ஆண்டு ரோமன் எண்ணில் இருந்தால் எம் ஆயிரம், டி ஐந்நூறு, சி நூறு, எல் ஐம்பது, எக்ஸ் பத்து. பழைய ஆங்கில எழுத்தில் எஸ் சில இடத்தில் எஃப் மாதிரி இருக்கும்; அது தெரியாமல் படித்தால் பெயர்கள் விநோதமாகிவிடும்.

வயதைக் கவனித்துக்கொண்டே போங்கள். இருபத்து மூன்று, பத்தொன்பது, எட்டு மாதம். ஒரே வாரத்தில் ஒரே குடும்பத்தில் இரண்டு பெயர் இருந்தால் பெரும்பாலும் காய்ச்சலோ காலராவோ வந்துபோயிருக்கும். எனக்கு இந்தக் கற்களில் பதவியும் பட்டமும் எழுதிய பெரிய கல்லைவிட, ஓரத்தில் இருக்கிற இந்தச் சின்னக் கற்கள்தான் அதிகம் பேசுகின்றன.

திருச்சியில் இரண்டு ஆலயங்களையும் ஒரே நாளில் பாருங்கள் என்று சொன்னதற்குக் காரணம் ஒரு கல்லறை. கல்கத்தா பிஷப் ரெஜினால்டு ஹீபர் 1826 ஏப்ரல் 3ஆம் தேதி காலை கோட்டை ஆலயத்தில் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவரை முழு உறுப்பினராக்கும் சடங்கு) ஆராதனை நடத்தினார். வெயில். தங்கியிருந்த இடத்துக்குத் திரும்பிக் குளிக்க இறங்கியவர் அங்கேயே இறந்துபோனார். வயது 42. அடக்கம் செய்தது தூய யோவான் ஆலயத்துக்குள். காலையில் கோட்டை, அப்புறம் யோவான் என்று அதே வரிசையில் போனால் அந்த ஒரு நாளை நீங்களும் நடந்து பார்க்கலாம்.

தஞ்சாவூர்: ஒரு பளிங்குக்கல்லுக்காக

கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் 1726ல் ஜெர்மன் நாட்டில் பிறந்து 1750ல் தரங்கம்பாடிக்கு வந்தவர். திரும்பிப் போகவே இல்லை. தமிழ் பேசுவார், மராத்தி பேசுவார், பாரசீகமும் தெரியும். ஹைதர் அலியிடம் பேச ஆள் வேண்டும் என்று வந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1779ல் இவரைத்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார்கள். தஞ்சை துளஜா மன்னர் தத்தெடுத்த பிள்ளை சரபோஜிக்குப் பாதுகாவலராக இருந்து, படிக்கவைத்து, அரசுரிமைக்காகப் பேசியவர். 1798 பிப்ரவரி 13ல் தஞ்சாவூரில் இறந்தார். அதே ஆண்டு சரபோஜி அரியணை ஏறினார்.

ராஜா தன் ஆசிரியருக்கு ஒரு நினைவுச்சின்னம் வேண்டும் என்று லண்டனில் இருந்த ஜான் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் செய்யச் சொன்னார். அந்த வெள்ளைப் பளிங்குப் புடைப்புச் சிற்பம் சிவகங்கைப் பூங்கா ஆலயத்துக்குள் இருக்கிறது. பக்கத்தில் போய் நிதானமாகப் பாருங்கள். கட்டிலில் மெலிந்த கிழவர். அவர் கையைப் பிடித்தபடி தலைப்பாகையோடு சரபோஜி. ராஜாவுக்குப் பின்னால் அரசவைக்காரர்கள். தலைமாட்டில் ஒரு பாதிரியார். கட்டிலை ஒட்டி பள்ளிக்கூடப் பிள்ளைகள். தஞ்சாவூரைக் கண்ணால் பார்க்காத சிற்பி செய்தது. உடை மடிப்பில் கொஞ்சம் ரோமாபுரி வாடை அடிக்கிறது. பிடித்த கையும் பிடிக்கப்பட்ட கையும் மட்டும் எந்த ஊர்க் கை என்று சொல்ல முடியாது.

மாளிகைத் தரைக்கு இத்தாலியிலிருந்து பளிங்கு வந்தது என்று பெருமையாகக் காட்டுகிற ஊரிலிருந்து போகிறோம். அதற்கெல்லாம் பல காலம் முன்னாலேயே ஒரு சைவ அரண்மனையிலிருந்து, ஒரு லுத்தரன் பாதிரியாருக்காக, கப்பலில் வந்த பளிங்கு இது. தஞ்சாவூருக்கு என் வாக்கு என்று சொன்னது இதற்காகத்தான்.

சுவார்ட்ஸின் உடல் இங்கே இல்லை. நகரில் உள்ள தூய பேதுரு ஆலயத்தில் இருக்கிறது. அந்தக் கல்லறைக் கல்லில் உள்ள ஆங்கிலக் கவிதை சரபோஜியே எழுதியது. உறுதியும் பணிவும் உள்ளவர், அநாதைகளுக்குத் தகப்பன், விதவைகளுக்கு ஆதரவு என்று போகும். இலக்கணம் பார்க்காமல் படியுங்கள். சுவார்ட்ஸிடம் வளர்ந்த இன்னொரு பிள்ளை வேதநாயக சாஸ்திரியார். அவர் பாடிய கீர்த்தனைகளை இன்றும் தமிழ்ச் சபைகளில் பாடுகிறார்கள். ஞாயிறு ஆராதனையில் உட்கார்ந்தால் கேட்கக் கிடைக்கலாம்.

பூங்காவும் பெரிய கோயிலும் சரஸ்வதி மகாலும் ஒரே நாளில் அடங்கும். காலையில் ஆலயம், அப்புறம் மகால், வெயில் தாழ்ந்தபின் பெரிய கோயில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தரங்கம்பாடி போகிறவர்களுக்கு

தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில், 1620ல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். 1845ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை அவர்கள் கையில் இருந்தது. 1792ஆம் ஆண்டின் நுழைவாயிலைத் தாண்டி ராஜவீதியில் நடந்தால் இரண்டு ஆலயங்களும் வந்துவிடும். கடலை எட்டும்வரை வண்டியில் போகாமல் நடந்து போங்கள்.

சீயோன் ஆலயம் டேனிஷ்காரர்கள் தங்களுக்காகக் கட்டியது. இப்போது சி.எஸ்.ஐ. புதிய எருசலேம் ஆலயம் தமிழ்ச் சபைக்காகக் கட்டியது; இது தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தது. சாவி கேட்கும்போது இந்த வித்தியாசம் உதவும், ஏனென்றால் இரண்டுக்கும் அலுவலகம் வேறு. புதிய எருசலேமின் முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் கிரீடமும் பெயர்ச்சின்னமும் இருக்கும்; 1718 என்ற ஆண்டைத் தேடிப் பிடியுங்கள். கட்டடம் சிலுவை வடிவம். நடுவில் நின்று நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தால் புரியும்.

இதைக் கட்டிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706 ஜூலை 9ல் வந்து இறங்கியவர். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதித் தமிழ் கற்றார். அச்சகம் வைத்துத் தமிழில் புதிய ஏற்பாட்டை 1715க்குள் அச்சிட்டு முடித்தார். ஆலயம் பிரதிஷ்டையாகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 1719 பிப்ரவரி 23ல் இறந்துபோனார். வயது 36. கல்லறை ஆலயத்துக்குள்ளேயே, மேஜைக்கு முன்னால். மேலே நின்று படம் எடுத்துவிடாதீர்கள். சிலர் தெரியாமல் செய்கிறார்கள்.

கடற்கரையில் 1306ஆம் ஆண்டின் மாசிலாமணி நாதர் கோயிலையும் பார்த்துவிட்டு வாருங்கள். கடல் எவ்வளவு தின்றிருக்கிறது என்று தெரியும்.

ஆராதனையில் உட்கார்ந்தால்

கடைசிப் பெஞ்சு விருந்தாளிக்கு ஏற்ற இடம். சில சபைகளில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவார்கள், பார்த்து உட்காருங்கள். எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்தால் போதும். சுவரில் உள்ள பலகையில் எண்கள் இருக்கும். அன்றைய பாட்டுகளின் எண் அவை. பக்கத்தில் இருப்பவர் கேட்காமலே பாட்டுப் புத்தகத்தை உங்கள் பக்கம் நீட்டுவார்.

காணிக்கைப் பை வரும்போது போடலாம், போடாமல் அடுத்தவருக்குக் கடத்தலாம். திருவிருந்து நாளாக இருந்தால் எல்லோரும் எழுந்து முன்னால் போய் முழங்காலிடுவார்கள். அதைப் பிரசாதம் என்று நினைத்து வரிசையில் சேர்ந்துவிட வேண்டாம். ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்றவர்களுக்கானது அது. உட்கார்ந்தே இருங்கள், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். முடிந்து வெளியே வரும்போது போதகர் வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுப்பார். ஆலயத்தைச் சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்க அதைவிடத் தோதான நேரம் கிடைக்காது. அன்றைக்கு அறுப்பின் பண்டிகையோ அசனமோ இருந்தால் சாப்பிடாமல் விட மாட்டார்கள்; வழிக்குக் கட்டிக்கொண்டு போன புளியோதரை மாலைக்கு ஆகும்.

கிளம்பும்போது

நுழைவுக் கட்டணம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். காணிக்கைப் பெட்டியில் கட்டடப் பராமரிப்புக்கு என்று ஏதாவது போடுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கூலி இன்று என்ன என்று செட்டிநாட்டு ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். கதவு திறந்துவிட்டவருக்கு நூறு ரூபாய் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். சிலர் மறுப்பார்கள், வற்புறுத்தாதீர்கள். வருகைப் பதிவேடு இருந்தால் ஊர்ப் பெயரைத் தெளிவாக எழுதுங்கள். திறந்த ஜன்னல்களைத் திரும்ப மூட அவருக்கு ஒரு கை கொடுங்கள், பழைய தேக்குக் கதவுகள் ஒரு ஆள் தள்ளினால் அசையாது.